அம்மாவின் முதுகு ஒப்பரேசன்: யாழ் பெரியாஸ்பத்திரியில் கண்டது

முள்ளந்தண்டிலோ மூளையிலோ கத்தி வைக்க வேண்டுமென்றால் கொழும்புக்கோ கண்டிக்கோதான் ஓட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு யாழ் போதனா வைத்தியசாலையில், நாங்கள் சொல்கிற பெரியாஸ்பத்திரியில், நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவில்தான் ஒப்பரேசன் நடந்தது. இப்போது சுன்னாகம் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு தானே நடந்து வருகிறார்.

அம்மாவின் கரைச்சல் முதுகை விடக் காலில்தான் பெரிது. கொஞ்சத் தூரம் நடந்தாலே இரண்டு காலும் பாரமாகி விறைத்துவிடும். எங்காவது மதில் கட்டில் குந்தியிருந்தால் சில நிமிடத்தில் சரியாகும், எழும்பி நடந்தால் திரும்பவும் அதே கதை. வாதம் என்றார்கள், எண்ணெய் பூசினோம், இடுப்புக்குப் பெல்ட் கட்டினோம். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் இடுப்புப் பகுதியின் நாலாம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கிடையில் நரம்பு போகிற பாதை ஒடுங்கிப்போனது தெரிந்தது. வயது போகப் போக மூட்டெலும்பு பெருத்து, உள்ளே இருக்கும் சவ்வும் தடித்து, நரம்பை நெரிக்குமாம்.

அந்த ஸ்கானோடு முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. பெயர் வேண்டாம். அம்மாவின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்குரூ வைத்து எலும்பைப் பொருத்த வேண்டும், இவ்வளவு காசு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏன் ஸ்குரூ என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. தம்பி வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பத் தயாராகத்தான் இருந்தான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வியே, “அம்மா, சைக்கிள் ஓடுவீங்களோ? ஓடேக்க கால் வலிக்குமோ?” என்பதுதான். அம்மா யோசித்துவிட்டு, “இல்லைத் தம்பி, சைக்கிளிலை எவ்வளவு தூரமும் போவன், நடக்கத்தான் ஏலாது” என்றார். இத்தனை நாளும் கூடவே இருந்த எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. நிமிர்ந்து நடக்கும்போது ஒடுங்கிய பாதை இன்னும் ஒடுங்கும், ஹான்டிலைப் பிடித்துக் கொஞ்சம் குனிந்தால் அது விரிந்து கொடுக்கும். இரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால் சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். பிறகு அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதத்திலும் நாடி பிடித்துப் பார்த்தார். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அமத்திப் பலம் பார்த்தார். முன்னுக்குக் குனிந்தும் பின்னுக்குச் சாய்ந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு விலகி அசைகிறதா என்று பார்க்கத்தானாம்.

அசையவில்லை. அதனால் ஸ்குரூ தேவையில்லை, நரம்பை நெரிக்கிற எலும்பையும் சவ்வையும் மட்டும் எடுத்து இடம் விட்டால் போதும் என்றார். லமினெக்டமி என்பது அதுதான். நான் வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். 2016இல் சுவீடனில் 247 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. பாதையை விரித்துவிட்டதோடு எலும்பையும் பொருத்தினவர்கள், பொருத்தாதவர்களை விட நன்றாக இருக்கவில்லை என்றுதான் அதில் கண்டார்கள். எல்லோருக்கும் ஸ்குரூ வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எலும்பு நன்றாக விலகி ஆடுகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும். ஆனால் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், இங்கே சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முதல், “கால்வலி குறையும், நடை கூடும். முதுகுநோ முழுக்கப் போகும் எண்டு நான் சொல்லமாட்டன்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். கிருமி தொற்றலாம், நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசியலாம் என்பதையும் மறைக்கவில்லை. இரத்தம் இளக்கும் குளிசை ஏதும் எடுக்கிறாரா என்று இரண்டு பேர் தனித்தனியே கேட்டார்கள். அப்படி எடுக்கிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள்.

ஒப்பரேசனுக்கு அடுத்த நாளே அம்மாவை எழுப்பி நடக்க வைத்தார்கள். பாரம் தூக்க வேண்டாம், குனிந்து வேலை செய்ய வேண்டாம் என்று பிசியோ மிஸ் படித்துப் படித்துச் சொன்னார். ஒப்பரேசனுக்கு ஒரு சதமும் கட்டவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆச்சி இருந்தார். கதவு நிலையில் தலை இடிபட்டுச் சில கிழமைக்குப் பிறகு மறதி, தடுமாற்றம், ஒரு காலை இழுத்து நடை. வயது போனதால் என்று வீட்டில் விட்டுவிட்டார்களாம். சிடி ஸ்கானில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய இரத்தம் தேங்கியிருந்தது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும், அதனால் இழுபட்டு நிற்கும் சிறு நாளங்கள் சின்ன இடியிலும் கசியும். மண்டையோட்டில் சிறு துளை போட்டு இரத்தத்தை வடிய விட்டு, மிச்சம் வடிய ஒரு குழாயும் வைத்தார்கள். மறுநாள் ஆச்சி மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டார். மகள் அழுதுவிட்டார். வயதானவர்கள் விழுந்து சில கிழமைக்குள் குணம் மாறினால் ஸ்கான் எடுக்கக் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் வெள்ளெனப் போங்கோ. எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு படங்களையும் கொண்டுபோக வேண்டும், டொக்டர்மார் படத்தைத்தான் பார்க்கிறார்கள். குடிக்கிற குளிசைகளை உறையோடு எடுத்துப் போங்கோ. முதுகுவலி என்று போகிற எல்லோருக்கும் ஒப்பரேசன் இல்லை. டிஸ்க் விலகிக் கால் வலிக்கிற பலருக்குச் சில கிழமைகளில் தானாகவே குறையும், இதை அங்கேயே சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் சலம் போகாமல் அடைத்தாலோ, போவது தெரியாமல் போனாலோ, குந்தியிருக்கும்போது கீழே படுகிற இடம் விறைத்தாலோ, கால் திடீரெனச் சோர்ந்தாலோ கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றைக்கே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.