சிமேக்: கம்பைலர் ஃப்ளாக்கும் லிங்கர் ஃப்ளாக்கும் பிரியும் இடம்

ஒரு சி ப்ராஜெக்ட்டில் அட்ரஸ் சானிட்டைசரை (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்டுப் பார்த்தாலே அந்த பில்ட் சிஸ்டத்தின் லட்சணம் தெரிந்துவிடும். அதற்கான '-எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ்' ஃப்ளாக், கோடை ஆப்ஜெக்ட் ஃபைலாகக் கம்பைல் செய்யும்போதும் வேண்டும், அந்த ஃபைல்களை ஒன்றாக லிங்க் செய்யும்போதும் வேண்டும். கம்பைலுக்கு மட்டும் கொடுத்தால் '__ஏசான்_இனிட்' கிடைக்கவில்லை என்று லிங்கர் பக்கம் பக்கமாகப் பிழை கக்கும். மேக், நிஞ்சா போன்ற கருவிகளுக்கான பில்ட் கோப்புகளை எழுதித் தரும் சிமேக் இந்தப் பிரிவினையை எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதல் குழப்பம் 'சிமேக்_சி_ஃப்ளாக்ஸ்'. பெயரைப் பார்த்தால் கம்பைலருக்கு மட்டும் என்று தோன்றும். ஆனால் ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் லிங்க் செய்வதும் கம்பைலர் வழியாகத்தான் என்பதால், இதில் போட்ட அத்தனையும் லிங்க் வரியிலும் போய் உட்காரும். சானிட்டைசரை இதில் போட்டால் இந்தக் கசிவின் புண்ணியத்தில்தான் வேலை நடக்கிறது. பிறகு யாராவது கோடை நவீனமாக்குகிறேன் என்று அதே ஃப்ளாக்கை 'டார்கெட்_கம்பைல்_ஆப்ஷன்ஸ்' கட்டளைக்கு மாற்றுவார்கள். அது கம்பைல் வரிக்கு மட்டுமே போகும், உடனே லிங்க் உடையும். சிமேக்கைத் திட்டுவார்கள்; உண்மையில் இரண்டாவதுதான் ஒழுங்கான நடத்தை. 'டார்கெட்_லிங்க்_ஆப்ஷன்ஸ்' கட்டளையிலும் அதே ஃப்ளாக்கைச் சேர்த்தால் தீர்ந்தது. விஷுவல் சி++ பக்கம் லிங்கர் தனி நிரல் என்பதால் இந்தக் கசிவே கிடையாது. லினக்ஸில் தற்செயலாக ஓடியது விண்டோஸில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'டார்கெட்_லிங்க்_ஆப்ஷன்ஸ்' வந்தது 3.13 பதிப்பில், 2018 நவம்பரில். மிகவும் தாமதம். அதுவரை 'லிங்க்_ஃப்ளாக்ஸ்' ப்ராபர்ட்டியில் ஒரே சரமாக ஒட்டவைக்க வேண்டும். இல்லையென்றால் 'டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ்' கட்டளைக்குள் ஃப்ளாக்கைத் திணிக்க வேண்டும். '-எல்', '-ஃப்ரேம்வொர்க்' தவிர, ஹைஃபனில் தொடங்கும் எதையும் அது ஃப்ளாக் என்று எடுத்துக்கொள்ளும். இன்றும் பல ப்ராஜெக்ட்களில் இந்த ஒட்டுவேலை அப்படியே கிடக்கிறது.

புதிய கட்டளையிலும் ஒரு பள்ளம் உண்டு. அதில் கொடுப்பவை லிங்க் வரியில் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால் வரும். ஆகவே '-எல்எம்' (கணித லைப்ரரி) போன்ற லைப்ரரிகளை அங்கே எழுதக் கூடாது. லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. 'ஸ்கொயர்ரூட்' வேண்டும் என்று கேட்கும் ஆப்ஜெக்ட் வருவதற்கு முன்பே லைப்ரரியைக் கடந்துவிட்டால், ஸ்டேட்டிக் லைப்ரரியிலிருந்து எதையும் எடுக்காது. ஷேர்டு லைப்ரரியாக இருந்தாலும், உபுண்டுவில் 11.10 பதிப்பு முதல் '--ஆஸ்-நீடட்' (தேவைப்பட்ட லைப்ரரியை மட்டும் சேர்க்கும் ஆப்ஷன்) இயல்பாகவே இயங்குவதால், அதே கதிதான். லைப்ரரி என்றால் 'டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ்', மற்றவை 'டார்கெட்_லிங்க்_ஆப்ஷன்ஸ்'. குனூ மேக்கில் 'எல்டிஃப்ளாக்ஸ்', 'எல்டிலிப்ஸ்' என்று இரண்டு மாறிகள் இருப்பதும் இதற்காகவே. இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பழைய கருவி தெளிவாக யோசித்திருக்கிறது.

லிங்கருக்கே நேராகப் போகவேண்டியதை 'லிங்கர்:' என்ற முன்னொட்டோடு எழுதலாம். ஜிசிசி என்றால் '-டபிள்யூஎல்,' என்று தானே மாற்றிக்கொள்ளும், கிளாங் என்றால் '-எக்ஸ்லிங்கர்', விஷுவல் சி++ என்றால் எதையும் சேர்க்காது. நல்ல வசதி. இதைப் பயன்படுத்தாமல் கையால் '-எக்ஸ்லிங்கர் அ -எக்ஸ்லிங்கர் ஆ' என்று எழுதினால், ஒரே ஃப்ளாக் இரண்டு முறை வந்திருக்கிறது என்று சிமேக் இரண்டாவதை வெட்டிவிடும். 'ஆ' அநாதையாக நிற்கும். வெட்டக் கூடாது என்றால் ஒவ்வொரு ஜோடியையும் 'ஷெல்:' முன்னொட்டோடு மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். கம்பைல் ஆப்ஷன்களுக்கும் இதே விதி.

டார்கெட் என்பது சிமேக் கட்டும் எக்ஸிக்யூட்டபிள் அல்லது லைப்ரரி. ஸ்டேட்டிக் லைப்ரரி டார்கெட்டுக்கு 'ப்ரைவேட்' லிங்க் ஆப்ஷன் கொடுத்தால் சத்தமில்லாமல் காணாமல் போகும். அங்கே லிங்க் என்ற படியே இல்லை, 'ஏஆர்' என்ற நிரல் ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கட்டி வைக்கிறது, அவ்வளவுதான். 'இன்டர்ஃபேஸ்' என்று கொடுத்தால் அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் எக்ஸிக்யூட்டபிளுக்குப் போய்ச் சேரும். 'சிமேக்_ஸ்டேட்டிக்_லிங்கர்_ஃப்ளாக்ஸ்' என்றொரு மாறி இருக்கிறதே என்று கேட்கலாம். பெயரில்தான் லிங்கர், போவது 'ஏஆர்' நிரலுக்கு.

இரண்டு பக்கமும் வேண்டிய ஃப்ளாக்குகளுக்குத்தான் சிமேக்கின் மிகச் சிறந்த பகுதி இருக்கிறது. லிங்க் நேரத்தில் ஆப்டிமைஸ் செய்யும் '-எஃப்எல்டிஓ' ஃப்ளாக்கைக் கையால் எழுதாமல் 'செக்ஐபிஓசப்போர்ட்டட்' மாட்யூலால் சோதித்து, 'இன்டர்ப்ரொசீஜரல்_ஆப்டிமைசேஷன்' ப்ராபர்ட்டியை ஆன் செய்தால், கம்பைல், லிங்க் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஜிசிசியில் சாதாரண 'ஏஆர்'-க்குப் பதில் 'ஜிசிசி-ஏஆர்' நிரலையும் எடுத்துக்கொள்ளும். த்ரெட்டுக்கு 'த்ரெட்ஸ்::த்ரெட்ஸ்' டார்கெட்டை லிங்க் செய்தால் போதும். பிஐஇ (மெமரியில் எந்த இடத்திலும் ஏற்றக்கூடிய எக்ஸிக்யூட்டபிள்) மட்டும் விதிவிலக்கு: 'பொசிஷன்_இன்டிபெண்டன்ட்_கோட்' ப்ராபர்ட்டி கம்பைல் ஃப்ளாக்கைத்தான் சேர்க்கும். லிங்கில் '-பிஐஇ' வர 3.14 பதிப்பில் வந்த 'செக்பிஐஇசப்போர்ட்டட்' மாட்யூலை ஒருமுறை அழைக்க வேண்டும். சானிட்டைசருக்கு இப்படி ஒரு ப்ராபர்ட்டி இல்லாதது பெரிய குறை. மீசான் என்ற இன்னொரு பில்ட் சிஸ்டத்தில் 'பி_சானிட்டைஸ்=அட்ரஸ்' என்ற ஒற்றை ஆப்ஷன் இரண்டு பக்கமும் போட்டுவிடும். அங்கேயும் கிளாங்கோடு ஷேர்டு லைப்ரரி கட்டினால் வரையறை கிடைக்காத சிம்பல்களைப் பிழையாக்கும் 'பி_எல்அன்டெஃப்' ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

சோதனை மாட்யூல்களும் ஏமாற்றும். 'செக்_சி_கம்பைலர்_ஃப்ளாக்' ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து லிங்கும் செய்யும், ஆனால் நாம் கொடுத்த ஃப்ளாக் கம்பைலுக்கு மட்டும் போகும். சானிட்டைசரைக் கேட்டால், கம்பைலருக்குத் தெரிந்திருந்தும், இல்லை என்றே பதில் வரும். சோதனைக்கு முன் 'சிமேக்_ரெக்வயர்டு_லிங்க்_ஆப்ஷன்ஸ்' மாறியிலும் அதே ஃப்ளாக்கை வைக்க வேண்டும். பழைய பதில் கேஷில் தங்கியிருக்கும் என்பதால் அதையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். சூழல் மாறியான 'எல்டிஃப்ளாக்ஸ்' கதையும் இதுவே: முதல் கான்ஃபிகரின்போது மட்டும் படிக்கப்படும், பிறகு ஏற்றுமதி செய்து எத்தனை முறை ஓட்டினாலும் பலன் இல்லை.

எந்த ஃப்ளாக் எங்கே போனது என்று பார்க்க 'கம்பைல்_கமாண்ட்ஸ்' ஜேசான் கோப்பைத் திறப்பவர்கள் அதிகம். அதில் லிங்க் வரி இருக்காது. மேக்ஃபைல் ஜெனரேட்டர் என்றால் பில்ட் அடைவில் 'சிமேக்ஃபைல்ஸ்' உள்ளே, அந்த டார்கெட்டின் பெயர் கொண்ட அடைவில், 'லிங்க்.டிஎக்ஸ்டி' கோப்பு இருக்கும். நிஞ்சா என்றால் 'நிஞ்சா -டி கமாண்ட்ஸ்' என்று டார்கெட் பெயரோடு கொடுத்து, கடைசி வரியைப் படித்தால் போதும்.