கெட்டமினா, ஷாக் ட்ரீட்மென்டா?

இரண்டு மாத்திரை மாற்றியும் மன அழுத்தம் குறையாதபோது, டாக்டர் அக்காவிடம் இந்த இரண்டையும் சொன்னார்: கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றுவது, அல்லது தலையில் லேசாக மின்சாரம் செலுத்தும் ஷாக் (ECT). ஷாக் என்றதுமே அம்மா கீழ்ப்பாக்கத்தை நினைத்து அழுதுவிட்டார். அந்தப் பயம் சினிமா தந்தது. 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் ஷாக் தரவே கூடாது.

நேரம்: கெட்டமின் டிரிப்ஸ் சுமார் 40 நிமிடம், விழித்தபடியே.
ஷாக் மயக்கத்தில், வெறும் வயிற்றில், சில நிமிடம்தான்.
இரண்டுமே வாரம் இரண்டு மூன்று முறை, சில வாரங்களுக்கு.

அனுபவம்: அக்கா எடுத்தது கெட்டமின். பாதியில், "என் கை எங்கேயோ தூரத்துல கிடக்குடி" என்றாள், என் விரலைப் பிடித்துக்கொண்டே. பிபி ஏறும் என்பதால் நர்ஸ் அடிக்கடி பார்த்தார். மிதப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்தது. அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும்.
ஷாக் முடிந்து எழுந்தால் தலைவலி, குழப்பம் இருக்கலாம். அந்த வாரங்களின் ஞாபகமும் மங்கலாம்.

பலன்: 2023 அமெரிக்க ஆய்வில் கெட்டமின் 55%, ஷாக் 41% பேருக்குக் கைகொடுத்தது. சுவீடனில், மருத்துவமனையில் தங்கியவர்களிடம் ஷாக்தான் முந்தியது.

செலவு: கெட்டமின் பழைய மயக்க மருந்து, விலை குறைவு. கண்காணிப்புக்குத்தான் பணம்.

இல்லாத குரல் கேட்கிறது, சாப்பாடே இறங்கவில்லை என்றால் ஷாக். படிப்பு, வேலைக்கு ஞாபகம் முக்கியம் என்றால் முதலில் கெட்டமினைக் கேளுங்கள். அப்புறம், கட்டுப்படாத பிபியோ போதைப்பழக்கமோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.