ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளுக்கு எந்த பேக்கப்?

பழைய வட ஆற்காட்டில் 20, 30 கம்ப்யூட்டர் ஓடும் தோல் கம்பெனிகளில் பேக்கப்புக்கு மூன்று வழிதான் உண்டு: யூஎஸ்பி டிஸ்க், ஆபீஸிலேயே வைக்கும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி), இன்டர்நெட் வழியே வேறிடத்து சர்வரில் சேமிக்கும் கிளவுட். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்த மறுநாள் காலை, கணக்கு சாஃப்ட்வேரான டேலியைத் திறந்து பில் போட முடியுமா? இதை வைத்துத்தான் மூன்றையும் எடைபோட வேண்டும்.

யூஎஸ்பி மலிவு. ஆனால் சர்வரில் செருகியபடியே விட்டால், அதையும் ரேன்சம்வேர் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை எப்போதும் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். மாற்றுகிற ஆள் லீவு போட்டால் முறை அறுந்துவிடும். இதன் பலவீனமே அதுதான்.

நாஸில் திரும்ப எடுப்பது வேகம்: கிகாபிட் லேனில் (ஆபீஸுக்குள் ஓடும் நெட்வொர்க்கில்) 200 ஜிபி சுமார் 40 நிமிடம். ஆனால் பெரும்பாலும் இதைத் தவறாகத்தான் அமைக்கிறார்கள். ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் முறை) போட்டாயிற்று, பயமில்லை என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் மட்டுமே அது காப்பாற்றும். ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அழியும். அந்தந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை இயக்கி, நாளுக்கு ஒன்றாக 14 நாள் நகலாவது வையுங்கள். பேக்கப் ஃபோல்டரை எல்லா கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவாக (சி, டி போல இன்னொரு டிரைவாக) மாட்டாதீர்கள்; ரேன்சம்வேர் அந்த வழியே அதையும் பூட்டிவிடும். நாஸே சர்வரிலிருந்து டேட்டாவை இழுத்துக்கொள்ளட்டும். நாஸின் அட்மின் பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படக் கூடாது. இன்டர்நெட்டிலிருந்து நேரே நுழைய போர்ட் திறக்கவே கூடாது. யூபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு யூஎஸ்பி கேபிள் இழுத்தால், கரண்ட் போனாலும் பெட்டி தானே ஒழுங்காக அணையும். இரவில் ஏசி நிற்கும் மூடிய அறை வேண்டாம். வேலூர் மே மாத வெயிலை டிஸ்க் தாங்காது.

தீயோ, 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததுபோல் வெள்ளமோ வந்தால் கைகொடுப்பது கிளவுட். முதல் ஏற்றம்தான் பாடு: 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 டிபி ஏற நாலரை நாளுக்கு மேல். கம்ப்யூட்டரில் மாறுவதை உடனே கிளவுடிலும் மாற்றும் ஒன்டிரைவ் சிங்க்கை பேக்கப் என்று நம்ப வேண்டாம், ரேன்சம்வேர் பூட்டிய ஃபைலும் அப்படியே மேலேறும். ஏற்றிய நகலை 30 நாள் யாராலும் அழிக்க முடியாதபடி காக்கும் சேவையாகப் பாருங்கள். கம்பெனிச் சட்டத்தின்படி பதிவானவர்களுக்கு 2022 ஆகஸ்ட் முதல் கணக்கின் தினசரி பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். மும்பை, சென்னை, ஹைதராபாத் என்று இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் தேர்வு: அன்றாட மீட்புக்கு நாஸ், டேலியும் ஏற்றுமதி ஆவணங்களும் மட்டும் கிளவுடுக்கு. ஷூ டிசைன் படங்களுக்கு யூஎஸ்பி போதும். எதை வாங்கினாலும் டேலியில் கம்பெனியை மூடிய பிறகே நகல் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலை ஏற்றி, போன மாத டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.