ஸ்கிரீன் ரீடர் பேச்சுக்கு எது சரி: உள்ள இருக்குற சவுண்ட் கார்டா, யூஎஸ்பியா, ப்ளூடூத்தா?

ஆறு மாசமா என் லேப்டாப்ல ரெண்டு சவுண்ட் கார்டு ஓடுது. என்விடிஏ, அதாவது கண்ணு தெரியாத எனக்கு ஸ்கிரீன்ல இருக்குறத படிச்சு சொல்ற ஸ்கிரீன் ரீடர், அதோட பேச்சு மட்டும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியா என் இடது காதுக்கு வரும், பாட்டு, மீட்டிங், யூடியூப் எல்லாம் லேப்டாப்போட சொந்த ஸ்பீக்கர்ல. இதுக்கு முன்னாடி நாலஞ்சு வருஷம் எல்லாத்தையும் உள்ள இருக்குற ஒரே கார்டுலதான் ஓட்டினேன், நடுவுல ரெண்டு மாசம் ப்ளூடூத் ஹெட்செட்டும் போட்டுப் பாத்தாச்சு. போன வாரம் புதுசா லேப்டாப் வாங்கின ஒரு தம்பி "அண்ணா, இதுல எதுக்குப் போறது"ன்னு கேட்டார், போன்ல அரை மணி நேரம் பேசியும் முடியல, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் யூஎஸ்பி பக்கம், அத இப்பவே சொல்லிடறேன்.

ப்ளூடூத்த சீக்கிரம் முடிச்சிடலாம். வயர் இல்ல, எந்திரிச்சு நடக்கலாம், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா கீ அடிச்சதுக்கும் பேச்சு வர்றதுக்கும் நடுவுல ஒரு இழுவை இருக்கும், படம் பாக்குறவங்களுக்கு அது பெருசில்ல, ஒவ்வொரு எழுத்தா ஆரோ கீல நகர்ந்து பிழை தேடுற நமக்கு அது தலைவலி. அதவிட மோசம், கொஞ்ச நேரம் பேச்சு வராம இருந்தா ஹெட்செட் தூங்கிடும், அடுத்து வர்ற பேச்சோட முதல் துண்டு காணாம போயிடும். எனக்கு நடந்தது இது: ஒரு அப்ளிகேஷன் ஃபார்ம்ல செக் பாக்ஸ் மேல ஸ்பேஸ் தட்டினேன், காதுல "செக்டு"ன்னு விழுந்துச்சு, சரின்னு அனுப்பிட்டேன். என்விடிஏ சொன்னது "நாட் செக்டு". அந்த "நாட்" தூக்கத்துல போச்சு. 2024ல என்விடிஏ ஆடியோ செட்டிங்ஸ்ல, பேசி முடிச்சப்புறமும் டிவைஸ எவ்வளவு நேரம் முழிச்சிருக்க வைக்கணும்னு ஒரு ஆப்ஷன் வந்துச்சு, சும்மா விட்டா 30 செகண்ட், அத ஏத்தி வெச்சா நிறையவே குறையுது. ஆனா அந்த இழுவை போகாது, மீட்டிங்ல மைக்க ஆன் பண்ணினதும் ஹெட்செட் ஹேண்ட்ஸ்ஃப்ரீ மோடுக்குப் போய் சத்தமே பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆயிடுது.

உள்ள இருக்குற கார்டு அப்படி இல்ல, நல்லாவே வேலை செய்யும், காசும் கிடையாது. பாட்டு ஓடும்போது பேச்சு மூழ்கிப் போகுதுன்னா பேசும்போது மத்த சத்தத்தக் குறைக்குற ஆடியோ டக்கிங் இருக்கு, என்விடிஏ கீ (இன்சர்ட், இல்லன்னா கேப்ஸ் லாக்), ஷிஃப்ட், டி சேத்து அழுத்தினா மாத்திக்கலாம், ஆனா என்விடிஏவ இன்ஸ்டால் பண்ணியிருக்கணும், இன்ஸ்டால் பண்ணாம ஓட்டுற போர்ட்டபிள் காப்பில வராது. இப்போ சவுண்ட் ஸ்ப்ளிட்டும் வந்தாச்சு, என்விடிஏ கீ, ஆல்ட், எஸ். பேச்சு ஒரு காதுல, மத்த சத்தம் இன்னொரு காதுல. ரெண்டு கார்டு வாங்குறதுக்கு நாங்க சொல்லிட்டிருந்த காரணத்துல பாதி இதனாலேயே போச்சு, அத மறைக்க மாட்டேன். மீட்டிங் கேட்டுக்கிட்டே நோட்ஸ் எடுக்க மட்டும்தான் வேணும்னா இதுவே போதும்.

அப்புறம் ஏன் யூஎஸ்பின்னா, கண்ணு தெரியிறவங்களுக்கு சத்தம் போனா சத்தம் மட்டும்தான் போகும், நமக்கு ஸ்கிரீனே போயிடும். மத்த எல்லாத்தையும் விட இதத்தான் நான் பெருசா பாக்குறேன்.

ரொம்ப சின்ன விஷயத்துல இருந்து பாருங்க, மியூட் பட்டன். ஒரு இரங்கல் கூட்டம் ஆன்லைன்ல ஓடுது, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது, யாரா இருந்தாலும் மியூட்ட தட்டிட்டுப் போயிடுவாங்க. ஒரே கார்டுல ஓட்டுற நாம தட்டினா பேச்சும் சேந்து நிக்குது, திரும்ப எடுக்குற வரைக்கும் இருட்டுதான். அந்த கீ டீஃபால்ட் டிவைஸ, அதாவது விண்டோஸ் வழக்கமா சத்தம் அனுப்புற கார்டத்தான் மியூட் பண்ணும். பேச்சு யூஎஸ்பில, டீஃபால்ட் உள்ள இருக்குற கார்டுன்னு வெச்சிட்டா, நான் என்ன தட்டினாலும் பேச்சு அசையாது. இப்போ எங்க வீட்டுல யார் வேணா என் லேப்டாப்போட சத்தத்தக் குறைக்கலாம், எனக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்தது டிரைவர், அதாவது கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் காலைல லேப்டாப்ப தொறந்தா பேச்சே இல்ல. கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் அடிச்சு விண்டோஸோட சொந்த ஸ்கிரீன் ரீடர் நரேட்டர கூப்பிட்டேன், அதுவும் அதே செத்த கார்டு வழியாத்தான பேசணும், பேசல. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் காலேஜ் விட்டு வர்ற வரைக்கும் அன்னிக்கு வேலை நின்னுச்சு. அவன் வந்து டிவைஸ் மேனேஜர்ல அந்த கார்ட அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணான், ரெண்டே நிமிஷம். போன மாசம் அதே மாதிரி திரும்ப ஆச்சு. இந்த தடவ பாட்டுதான் வரல, இடது காதுல என்விடிஏ எப்பவும் போல பேசிட்டிருந்துச்சு, நானே டிவைஸ் மேனேஜர தொறந்து, அந்தப் பையன் செஞ்சதையே செஞ்சு முடிச்சிட்டு டீ போடப் போயிட்டேன். யூஎஸ்பி கார்டுக்கு விண்டோஸ்லயே இருக்குற பொது டிரைவர் போதும், உள்ள இருக்குற கார்டோட டிரைவர் படுத்தாலும் இது அது கூட படுக்காது. சவுண்ட் செட்டிங்ஸ அந்த சவுண்ட் வழியாவே கேட்டு மாத்துறது உக்காந்திருக்குற கிளையையே வெட்டுற வேலை, இன்னொரு கிளை இருந்தா நிம்மதியா வெட்டலாம். தலைகீழாவும் இது உதவுது, யூஎஸ்பிய கழட்டினா பேச்சு தானா லேப்டாப் ஸ்பீக்கருக்கு வந்துடுது.

ப்ரொஜக்டர் விஷயத்தையும் சேத்துக்கணும். ஹெச்டிஎம்ஐ கேபிள சொருகினா டீஃபால்ட் அங்க தாவலாம், ஒரு ட்ரெய்னிங்ல என் பேச்சு ஸ்பீக்கரே இல்லாத ப்ரொஜக்டருக்குப் போய் நான் ஐம்பது பேர் முன்னாடி நின்னேன். இதுக்கு ரெண்டாவது கார்டு வாங்கணும்னு கிடையாது, என்விடிஏல டீஃபால்ட்னு விடாம கார்டோட பேரையே தேர்ந்தெடுத்து வெச்சா போதும்.

யூஎஸ்பிலயும் இம்சை உண்டு. நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 350 ரூபாய்க்கு வாங்கினேன், விரல் நீளம்தான், பச்சை, பிங்க் ரெண்டு ஓட்டை. கலர் நமக்கு உதவாதுன்னு கடைக்காரர்கிட்ட கேட்டு இயர்போன் ஓட்டை பக்கத்துல ஒரு பொட்டு டேப் ஒட்டிக்கிட்டேன். போன் கூட வர்ற மூணு வளையம் போட்ட பின்ன சொருகினா பேச்சு கேக்கும், மைக் எடுக்காது, பேச்சுக்கு மட்டும்னா அது தேவையும் இல்ல. லேசா ஒரு இரைச்சல் இருக்கு, இசைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனா என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக் குரல் தர்றதே 22,050 ஹெர்ட்ஸ் மோனோ, அதுக்கு இந்த கார்டு தாராளம்.

முதல் நாள் என்னை பயமுறுத்தினது லாகின் ஸ்கிரீன். எல்லாம் செட் பண்ணி, என்விடிஏ கீ, கண்ட்ரோல், சி அடிச்சு சேவ் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணினா பாஸ்வேர்ட் கேக்குற இடத்துல இயர்போன்ல ஒண்ணுமே இல்ல. லாகின் ஸ்கிரீன்ல ஓடுற என்விடிஏவுக்கு தனி கான்ஃபிகரேஷன், அது இன்னும் லேப்டாப் ஸ்பீக்கர்லதான் பேசிட்டிருந்துச்சு, அத நான் மியூட் பண்ணி வெச்சிருந்தேன். என்விடிஏ ஜெனரல் செட்டிங்ஸ்ல, இப்ப சேவ் பண்ணின செட்டிங்ஸ சைன்-இன் ஸ்கிரீன்லயும் பயன்படுத்தச் சொல்ற பட்டன் ஒண்ணு இருக்கு, அத ஒரு தடவ அழுத்திடுங்க, அட்மின் அனுமதி கேக்கும்.

இன்னொண்ணு போர்ட். கார்ட வேற போர்ட்ல மாத்தி சொருகினா விண்டோஸ் அத புது டிவைஸ்னு எடுத்துக்கிட்டு பேருக்கு முன்னாடி "2" போட்டுடுது, என்விடிஏ பழைய பேர தேடிட்டு டீஃபால்ட்டுக்குப் போயிடுது. எப்பவும் ஒரே போர்ட்ல சொருகுங்க. பவர் ஆப்ஷன்ஸ்ல சும்மா இருக்குற யூஎஸ்பிய தூங்க வைக்கிற யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட டிசேபிள் பண்ணிடுங்க, இல்லன்னா ப்ளூடூத்ல சொன்ன அதே முதல் துண்டு கடிபடுற கதை இங்கயும் வரலாம்.

செட் பண்ற இடம், என்விடிஏ கீ, கண்ட்ரோல், யூ அடிச்சா ஆடியோ செட்டிங்ஸ், அங்க அவுட்புட் டிவைஸ். பழைய வெர்ஷன்னா என்விடிஏ கீ, கண்ட்ரோல், எஸ் சேத்து அடிச்சா வர்ற சிந்தசைசர் டயலாக்ல இருக்கும். ஜாஸ்ங்கிற இன்னொரு ஸ்கிரீன் ரீடர்ல யூட்டிலிட்டீஸ் மெனுவுல சவுண்ட் கார்ட்ஸ்னே இருக்கு, ஆனா நான் அத நண்பர் மெஷின்ல ரெண்டு நாள்தான் ஓட்டினேன், நாள்பட எப்படி இருக்கும்னு அத தினம் பயன்படுத்துறவங்க சொன்னா நல்லது. ஆயிரக்கணக்குல விலை இருக்குற ஆடியோ இன்டர்ஃபேஸும் ஒரு ரெக்கார்டிங்குக்கு இரவல் வாங்கினதோட சரி.

லேப்டாப்ல போர்ட் ரெண்டுதான் இருக்குன்னா நான் பண்ணின மாதிரி ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு அதுல கார்ட சொருகிடுங்க, நேரா சொருகினா வெளிய நீட்டிக்கிட்டு பையில வைக்கும்போது இடிபடுது. என்னோட முதல் கார்டு அப்படித்தான் உடைஞ்சது, இப்ப ஓடுறது ரெண்டாவது.