சிடி தரவுக்கு டைக்ரோவெப்பா, பெஸ்ட்செல்லா?

சிடி (சர்க்குலர் டைக்ரோயிசம்) என்பது இடப்பக்கமும் வலப்பக்கமும் சுழலும் ஒளியைப் புரதம் எவ்வளவு வேறுபாட்டோடு உறிஞ்சுகிறது என்று அளக்கும் முறை. அந்தக் கருவியில் ஒரு புரதத்தின் வரைபடம் எடுத்தாயிற்று. இனி அந்தப் புரதச் சங்கிலி மடிந்திருக்கும் வடிவங்களில் ஆல்ஃபா சுருள் எவ்வளவு, பீட்டா தகடு எவ்வளவு என்று சதவீதமாகச் சொல்ல வேண்டும். கிண்டி, தரமணிப் பக்கம் ஆய்வு செய்யும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டில் எது என்றுதான்: லண்டன் பர்க்பெக்கின் டைக்ரோவெப்பா, புடாபெஸ்டில் உருவான பெஸ்ட்செல்லா? இரண்டுமே அந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டுத் தரும், இணையத்தில் ஓடும் மென்பொருள்கள். டைக்ரோவெப்புக்கு மட்டும் பதிவு செய்து கணக்கு வாங்க வேண்டும்.

சுருள் மிகுந்த புரதம் என்றால் ரொம்ப யோசிக்க வேண்டாம். 208, 222 நானோமீட்டரில் விழும் பள்ளங்கள் அவ்வளவு பலமானவை. எதில் போட்டாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வரும். எனக்கு டைக்ரோவெப் பிடிக்கும். கான்டின், செல்கான்3, சிடிஎஸ்எஸ்டிஆர் என்ற மூன்று கணக்கீட்டு முறைகளையும் அங்கேயே ஓட்டி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடலாம்.

பீட்டா புரதம் வேறு கதை. அதன் சமிக்ஞை பலவீனமானது. தகடு எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து வரைபடமே மாறும். 2015இல் வந்த பெஸ்ட்செல் இதைத்தான் கணக்கில் எடுத்தது. எதிரிணைத் தகடுகளை (பக்கத்துப் பக்கத்து இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை) முறுக்குப்படி மூன்றாகப் பிரித்து, இணைத் தகட்டை (இழைகள் ஒரே திசையில் ஓடுவது) தனியாக வைத்து, மொத்தம் எட்டுக் கூறுகளாக விடை தரும். ஆன்டிபாடி, அமிலாய்டு மாதிரி பீட்டா மிகுந்தவை என்றால் நான் நேரே அங்கேதான் போவேன்.

நான் புதிதாக வந்தபோது பிபிஎஸ் பஃபரிலேயே (உப்புக் கலந்த பாஸ்பேட் கரைசல்) அளந்துவிட்டேன். அதிலுள்ள குளோரைடு 200க்குக் கீழே ஒளியை விழுங்க, ஒளியுணரியின் மின்னழுத்தம் எகிறி, தேறியது 200 முதல் 250 நானோமீட்டர் வரைதான். செல்கானுக்கும் சிடிஎஸ்எஸ்டிஆருக்கும் 190 வரையாவது வேண்டும். டைக்ரோவெப்பில் இப்படிக் குறைந்த தரவுக்கு மிஞ்சுவது கே2டி என்ற முறை; அதுவும் ஆல்ஃபா, பீட்டா, மற்றவை என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பெஸ்ட்செல் 200இலிருந்தும் ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் பாஸ்பேட்டும் சோடியம் புளோரைடும் போட்டு மறுபடி அளப்பதே மேல். அப்புறம் ஒன்று: நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த குவெட்டின் (மாதிரியை ஊற்றும் குவார்ட்ஸ் கலம்) வெளிப்புறம் பனித்துவிடும், நைட்ரஜன் ஓட்டத்தைக் குறைக்காதீர்கள்.

செறிவைத் தப்பாகக் கொடுத்தால் இரண்டுமே தப்பாகத்தான் சொல்லும். செறிவு 10 சதவீதம் பிசகினால் வரைபடத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவு பிசகும். பொருத்தப் பிழை (கணக்கிட்ட வரைபடத்துக்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம்) குறைவாக வந்தாலே விடை சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொலாஜனை மட்டும் இரண்டிலும் போடாதீர்கள். ஜி.என். ராமச்சந்திரன் 1954இல் சென்னையிலிருந்து அதற்கு மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். அதன் வரைபடத்தில் 222 அருகே சின்ன மேடும் 197 அருகே ஆழமான பள்ளமும் வரும். இந்த மென்பொருள்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் குறிப்புத் தொகுப்புகளில் இருப்பவை பெரும்பாலும் உருண்டைப் புரதங்கள் என்பதால், கச்சிதமான கொலாஜனைக்கூட ஒழுங்கற்றது என்று சொல்லிவிடும். கொலாஜனின் சுருள் குலையாமல் இருக்கிறதா என்று அறிய, வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 222 மேடு எந்த டிகிரியில் சரிகிறது என்று பாருங்கள்.