128 ஜிபி என்று அச்சிட்ட கார்டில் 8 ஜிபிகூட இல்லை: கேமரா கார்டு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கேமராவுக்கு மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள், அதிலும் முகூர்த்த நாளில் திருமணப் படம் எடுக்க ஒப்புக்கொண்டவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் வாங்கிய கார்டு போலி. அது போலி என்பதைக் கேமரா சொல்லவில்லை, கணினியும் சொல்லவில்லை. படங்கள் போன பிறகுதான் தெரிந்தது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கினேன். கடையின் பெயரை எழுதவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்ற கடைகளில் பயமில்லை என்று நினைத்துவிடுவீர்கள். இந்தச் சரக்கு ஒரே கடைக்கு மட்டும் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதே தெருவில் பல ஆண்டுகளாக நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களைச் சேர்த்துத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

கார்டு, பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரோடு, பிளாஸ்டிக் உறைக்குள் பிரிக்கப்படாமல் இருந்தது. 128 ஜிபி, யு3, வி30 என்ற வேகக் குறியீடுகள், நொடிக்கு 100 எம்பி வேகம் என்றெல்லாம் அச்சிட்டிருந்தார்கள். விலையும் அடிமாட்டு விலை இல்லை. மற்ற கடைகளில் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மிக மலிவாக இருந்தால்தான் போலி என்று பலர் எண்ணுகிறார்கள், அது உண்மையில்லை. சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகவே அசல் விலைக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள்.

பணம் கொடுத்ததும் கவுன்டரில் இருந்த பையன் எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றேன். "அக்கா, இதுவே போதும், எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றான். நான் நகரவில்லை. கடைசியில் முதலாளியே முகத்தைச் சுளித்துக்கொண்டு பில் போட்டார். அதிலும் வெறுமனே "மெமரி கார்டு – 1" என்று இருந்தது. நிறுவனத்தின் பெயரையும் 128 ஜிபி என்பதையும் எழுதச் சொல்லி வாங்கினேன். பிறகு எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவுக்காக வாங்கிய கார்டு அது. முதல் நாளே கேமராவில் ஃபார்மட் செய்து, சில படங்கள் எடுத்து, கணினியில் திறந்தும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. 128 ஜிபி கார்டு கணினியில் 119 ஜிபி என்றுதான் காட்டும், கணக்கிடும் முறை வேறு; அந்த 119-ஐயும் அது காட்டியது. விழா நாளன்று காலை முதல் இரவு வரை மாட வீதிகளில் நின்று எடுத்தேன். நீர்மோர்ப் பந்தல், கபாலீசுவரர் புறப்பாடு, அவரை நோக்கியபடி பல்லக்குகளில் வரும் நாயன்மார்கள். பல்லக்குத் தூக்குகிற பெரியவர் ஒருவர், அடுத்த ஆண்டு தோள் தாங்காது, ஒரு படம் எடுத்து வை அம்மா என்று கேட்டிருந்தார். அவரையும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், கோப்புகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் அளவும் சரியாக இருந்தது. ஆனால் காலையில் எடுத்தவை மட்டும்தான் திறந்தன. ஒரு கட்டத்தில் பாதிப் படம், மீதி சாம்பல் நிறம். அதற்குப் பிறகு எதுவுமே திறக்கவில்லை. புறப்பாடு முழுவதும் போய்விட்டது. அந்தப் பெரியவரின் படமும் போய்விட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் மோசடியின் பலமே இதில்தான் இருக்கிறது. கார்டுக்குள் தகவலைச் சேமிக்கும் சிப் ஒன்று, அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சிப் இன்னொன்று. கார்டின் கொள்ளளவு என்ன என்று கேமரா கேட்டால் பதில் சொல்வது இரண்டாவது. போலிக் கார்டில் அதன் மென்பொருளை மாற்றி, 8 ஜிபி சேமிப்புச் சிப்பை வைத்துக்கொண்டு 128 என்று பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். 8 ஜிபி நிறைந்த பிறகும் கேமரா அனுப்புவதை அது மறுப்பதில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, சேர்ந்தது என்று கையெழுத்தும் போட்டுவிட்டு, கிணற்றில் வீசுகிற தபால்காரரைப் போன்ற வேலை. சில போலிகள் புதிய படத்தைப் பழைய படத்தின் மேலேயே எழுதி இரண்டையும் கெடுத்துவிடும்.

கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில், அதாவது உண்மையாகவே இருக்கிற பகுதியில் எழுதப்படுகிறது. அதனால் பெயரும் அளவும் மட்டும் ஒழுங்காகத் தெரிகின்றன. படம் எடுத்தவுடன் கேமராத் திரையில் தெரிவதோ கேமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவது. கார்டில் எதுவும் பதியாவிட்டாலும் திரையில் படம் அழகாகத் தெரியும். ஃபார்மட் செய்து பத்துப் படம் எடுத்துப் பார்ப்பது சோதனையே அல்ல. அந்தப் பத்தும் உண்மையான 8 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

கார்டை முழுவதும் நிரப்பி, நிரப்பியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டால்தான் உண்மை வெளியே வரும். இதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸ் கணினி என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ. ஜெர்மனியில் எழுதப்பட்டது, ஆனால் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. காலிக் கார்டை ரீடரில் செருகி, முழுக் கொள்ளளவையும் எழுதி வாசிக்கச் சொன்னால் போதும். நேரம் பிடிக்கும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் 128 ஜிபியை நிரப்பவே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், வாசிக்கும் நேரம் தனி. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். ஒரு பிழைகூட இல்லை என்று வந்தால் கேமராவில் ஃபார்மட் செய்து பயன்படுத்தலாம். என் கார்டில் 8 ஜிபிக்கும் குறைவாகத்தான் சரியான இடம் இருக்கிறது என்றும், மற்றது அத்தனையும் தொலைந்துவிட்டது என்றும் அறிக்கை வந்தது.

அதே அறிக்கையில் இன்னொன்றும் தெரிந்தது. எழுதும் வேகம் நொடிக்கு 9 எம்பி. உறையில் இருந்த 100 எங்கே, இந்த 9 எங்கே! கொள்ளளவு சரியாக இருந்து வேகத்தில் மட்டும் ஏமாற்றுகிற கார்டுகளும் உண்டு. அதனால் வேகக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

உறையில் பெரிதாகப் போடுகிற எண் பெரும்பாலும் வாசிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்கு உத்தரவாதம் தருபவை சிறிய குறியீடுகள்தாம். வட்டத்துக்குள் 10 இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி, யு3 என்றால் 30, வி30 என்றால் 30, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. ஏ1, ஏ2 என்ற குறிகள் கைபேசியில் செயலிகளை ஓட்டுவதற்கானவை. கேமராவில் அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். காணொளிக்கு கேமரா நிறுவனங்கள் சொல்வது மெகாபிட் கணக்கு, கார்டில் இருப்பது மெகாபைட் (எம்பி) கணக்கு. எட்டால் வகுத்துப் பாருங்கள். என் நிக்கான் டி7500, 4கே காணொளியை 144 மெகாபிட்டில் பதிகிறது. அதாவது நொடிக்கு 18 எம்பி. அசல் வி30 கார்டே தாராளமாகப் போதும். படங்களைத் தொடர்ச்சியாக எடுப்பதுதான் கடினமான வேலை. அதே கேமரா நொடிக்கு 8 படம் எடுக்கும், ரா எனப்படும் பதப்படுத்தாத மூலக் கோப்பு ஒவ்வொன்றும் 20 எம்பிக்கு மேல். அந்த வேகத்துக்கு இந்த வகைக் கார்டு எதுவும் ஈடுகொடுக்காது. தற்காலிக நினைவகம் நிறைந்ததும் கேமரா தடுமாறும். அது எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதில்தான் நல்ல கார்டின் அருமை தெரியும்.

கார்டின் மேல் I என்ற ரோமன் எண் இருந்தால் அது யுஎச்எஸ் எனப்படும் அதிவேக இணைப்பின் முதல் வகை. அதன் உச்சவேகமே நொடிக்கு 104 எம்பிதான். அந்த வகையிலேயே 170, 200 என்று அச்சிட்டு அசல் நிறுவனங்களும் விற்கின்றன. அந்த வேகம் அவர்களுடைய தனி ரீடரில்தான் கிடைக்கும், கேமராவில் கிடைக்காது. II என்ற ரோமன் எண் இருந்தால் அது இரண்டாம் வகை, கார்டின் பின்புறம் தகட்டு இணைப்புகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். இரண்டு என்று அச்சிட்டுவிட்டு ஒரே வரிசை இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சோனி ஏ6400, கேனான் ஆர்50, என் டி7500 போன்றவற்றில் இருப்பது முதல் வகைச் செருகுவாய். அவற்றில் இரண்டாம் வகைக் கார்டைப் போட்டாலும் முதல் வகை வேகத்தில்தான் ஓடும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மீண்டும் கடைக்கு வருகிறேன். பில், உறை, அச்சிட்ட சோதனை அறிக்கை, மடிக்கணினி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி அறிக்கையைப் பார்க்கவே இல்லை. "மேடம், கேமராவில் ஃபார்மட் செய்தீர்கள் அல்லவா, அதனால்தான் கார்டு கெட்டுவிட்டது" என்றார். இது பச்சைப் பொய். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள் என்றுதான் கேமரா நிறுவனங்களின் கையேடுகள் சொல்கின்றன. பிறகு அதே பெட்டியிலிருந்து இன்னொரு கார்டை எடுத்து நீட்டினார். இங்கேயே சோதித்துப் பார்க்கிறேன் என்றதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது, பில்லிலேயே போட்டிருக்கிறது, படிக்கவில்லையா?" என்று கடையில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார். படம் போனதைவிட அந்தக் குரல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற வேண்டும். விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தின்படி தவறு. இதைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். கத்திய அதே மனிதர் தொலைபேசியில் மிகவும் பணிவாகப் பேசினார். கார்டின் விலை என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. பிறகு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அதே உறைகள் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குத் திருப்பிக் கொடுத்தது அவர்களுக்கு ஒரு சில்லறைச் செலவு. எல்லோரும் கேட்கப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் காட்சிதான் காரணம்.

உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. கார்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனத்துக்கும் உறையின் படத்தோடு எழுதுங்கள். போலி வணிகச் சின்னத்தோடு பொருள் விற்பது, வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நான் எழுதியபோது, கார்டின் பின்புறம் இருந்த எண் தங்களுடையது அல்ல என்று பதில் வந்தது.

உறையையும் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து முறைப்படி இறக்குமதியான பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், நுகர்வோர் சேவைத் தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஒட்டுத்தாளே இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தாலும் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒட்டுத்தாளையும் அச்சடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் வாங்கினாலும் இதே கதைதான். தளத்தின் பெயரைப் பார்க்காமல், விற்பவர் யார் என்பதைப் பாருங்கள். உறையைப் பிரிப்பதைக் கைபேசியில் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் மீட்டுத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவறுதலாக அழித்த படங்களை ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டே பெரும்பாலும் மீட்டுவிடலாம், அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால். போலிக் கார்டில் போன படங்கள் அப்படி அல்ல. அவை எங்கேயும் எழுதப்படவே இல்லை. எந்த நிபுணராலும் அவற்றைக் கொண்டுவர முடியாது. என்னிடமும் ஒருவர் முன்பணம் கேட்டார். சோதனை அறிக்கையைக் காட்டியதும், இதில் எடுக்க ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அந்தப் பணமாவது மிஞ்சும்.