வியன்னாவில் ஒரு சமையலறை, அதோடு சேர்ந்து வந்த வீடு

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகச் சரக்கின் தரம் பார்ப்பவன் நான். நாங்கள் அனுப்பும் விரிப்பும் துண்டும் எப்படிப்பட்ட வீடுகளுக்குப் போகின்றன என்று நேரில் பார்க்கச் சென்ற மே மாதம்தான் வாய்த்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என ஐந்து பேர். வியன்னாவில் ஏழு இரவுகள்.

ஓட்டல் என்றால் இரண்டு அறை எடுக்க வேண்டும். மாமியாருக்கோ வெளிச்சாப்பாடு இரண்டு நாளுக்கு மேல் ஆகாது. ஆகவே சமையலறையுள்ள வீடாகத் தேடினேன். முதலில் பதிவு செய்த வீட்டுக்காரர், ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லி ரத்து செய்துவிட்டார். 2024 ஜூலை 1 முதல் வியன்னாவில் தனியார் தங்கள் வீட்டைச் சிறப்பு அனுமதியில்லாமல் ஆண்டுக்கு 90 நாள்தான் இப்படி வாடகைக்கு விடலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டிய நேரத்தில் இது வயிற்றைக் கலக்கியது. இரண்டாவதாக, கட்டடம் முழுவதையும் தொழிலாகவே வாடகைக்கு விடும் இடத்தில், விசா மறுத்தால் பணம் திரும்பும் என்ற நிபந்தனையோடு பதிவு செய்தேன். இரவுக்கு 118 யூரோ. துப்புரவுக் கட்டணம் 75 யூரோவைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டினார்கள். மொத்தம் 901. ஏழு நாளுக்குப் பரவாயில்லை. இரண்டு நாள் தங்குபவருக்கு அந்த 75 வலிக்கும்.

விளம்பரத்தில் 'முதல் மாடி, லிப்ட் இல்லை' என்று இருந்தது. முதல் மாடிதானே என்று அத்தையிடம் நானே உறுதி கொடுத்தேன். வியன்னாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளம் ஒன்று, அதற்கு மேல் 'மெசனின்' என்று ஒன்று, அதற்கும் மேலேதான் 'முதல்' மாடி. போதாக்குறைக்குக் கூரையெல்லாம் கோயில் மண்டபம்போல உயரம். 62 படிகள். மூட்டுவலிக்காரரை அழைத்துப் போகிறவர்கள் மாடி எண்ணைக் கேட்காதீர்கள், படி எண்ணிக்கையைக் கேளுங்கள். அந்த முதல் இரவு அத்தை என்னோடு அதிகம் பேசவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை இரவு. அங்கே சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே பலசரக்குக் கடைகளை மூடிவிடுகிறார்கள். ஞாயிறு முழு விடுமுறை. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். இது தெரியாமல் பால் வாங்க ஞாயிறு காலையில் நான்கு தெரு நடந்தேன். கையோடு கொண்டுபோன அரிசியும் துவரம்பருப்பும்தான் காப்பாற்றின. நெய் கொண்டு போகவில்லை; ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருளையும் இறைச்சியையும் பெட்டியில் எடுத்துவரக் கூடாது.

இனி அடுப்பு. படத்தில் கறுப்புக் கண்ணாடி அடுப்பைப் பார்த்ததும் போதும் என்று விட்டுவிட்டேன். அதுதான் என் தவறு. கறுப்புக் கண்ணாடி அடுப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று உள்ளே கம்பி சூடாகும் வகை, அதில் எந்தப் பாத்திரமும் சூடேறும். மற்றது இண்டக்சன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எங்களுக்கு வாய்த்தது இண்டக்சன். நாங்கள் சுமந்து போனதோ அலுமினியக் குக்கர். வைத்தால் விளக்கு சிமிட்டியதே தவிரச் சூடு ஏறவில்லை. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்த அடுப்புக்கு ஆகும். கடைசியில் வீட்டிலிருந்த ஒரே ஆழமான பாத்திரத்தில் பருப்பை ஊறவைத்து, மூடி போட்டு, ஒரு மணி நேரம் வேகவைத்து அரிசியும் பருப்பும் சாதம் செய்தார் அத்தை. தாளிப்பில் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. ஐந்து பேருக்கான வீடு என்று போட்டுவிட்டு நான்கு தட்டு வைத்திருந்தார்கள். கத்தி வாழைப்பழத்தைக்கூட யோசித்துத்தான் வெட்டும்.

ஆனால் இடம்! ஐந்து நிமிட நடையில் ப்ருன்னன்மார்க்ட். ஒட்டாக்ரிங் பகுதியில் தெரு நீளத்துக்கும் போகும் சந்தை. கடைக்காரர்களில் துருக்கியர் நிறையப் பேர். கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய், கத்தரிக்காய் எல்லாம் கிடைத்தன. திங்கட்கிழமை உப்பில்லாத வெண்ணெய் வாங்கிவந்து அத்தை நெய் காய்ச்சினார். மூன்றாம் வீடுவரை மணந்திருக்கும். அன்றோடு என்மீதான கோபம் தணிந்தது. ஊர் சுற்ற 2-ஆம் எண் டிராம் பக்கத்திலேயே கிடைத்தது. நகர மையத்தைச் சுற்றியுள்ள ரிங் சாலைக்கு வண்டி மாறாமலே போகலாம். அரண்மனைகளைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, பார்க்க வேண்டியவைதான்.

தண்ணீருக்கு ஒரு காசு செலவில்லை. 1873 முதல் மலை ஊற்று நீரைக் குழாய்வழி கொண்டுவந்து நகருக்குக் கொடுக்கிறார்கள். அத்தை கோவைக்காரர், சிறுவாணியைத் தவிர வேறு தண்ணீரை மதிக்க மாட்டார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பரவாயில்லைங்க மாப்பிள்ளை, சிறுவாணிக்கு அடுத்து வைக்கலாம்" என்றார்.

சமையலறைத் துண்டையும் புரட்டிப் பார்த்தேன், விடுமா பழக்கம்? 'மேட் இன் இந்தியா' என்றிருந்தது. கட்டம் கட்டமாகக் குழிவிழும் வாஃபிள் நெசவு, எடை சரி, கையில் சாயம் ஒட்டவில்லை. ஒரு மூலையில் மட்டும் மடிப்புத் தையல் பிரிந்திருந்தது. எங்கள் ஊர்ச் சரக்கா என்று சொல்ல முடியாது. நான் பார்த்திருந்தால் அந்தத் துண்டைப் பெட்டியில் ஏற்ற விட்டிருக்க மாட்டேன்.

வீட்டைப் பொறுத்தவரை, குறைகளைக் குறித்துக்கொண்டு 'பாஸ்' போடுகிறேன். மாமியார் வராவிட்டால் அதே வீட்டை மறுபடியும் எடுப்பேன். வந்தால் லிப்ட் உள்ளதாகப் பார்க்க வேண்டும். அலுமினியக் குக்கருக்குப் பதில் அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கர் ஒன்று வாங்கியாகிவிட்டது.